லைக் விழுகிறது, ஆர்டர் ஏன் வரவில்லை?

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்த சேலை, ஒருகாலத்தில் மொத்த வியாபாரியின் மூட்டையில் ஏறி, கை மாறிக் கை மாறி, எங்கோ ஒரு ஊர்க் கடையில் தன் ஊர்ப் பெயரைத் தொலைத்துவிட்டு விற்கும். இன்று யூடியூபில் ‘இளம்பிள்ளை சேலை’ என்று தேடினால் வீடியோ வீடியோவாக வந்து நிற்கிறது. சேலையை விரித்து, முந்தானையைக் காட்டி, விலையைச் சொல்லி, திரையின் ஓரத்தில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து வருகிறவர்களில் ரீசெல்லர்கள் நிறையப் பேர். வீட்டிலிருந்தபடியே படங்களை ஸ்டேட்டஸில் வைத்து, தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்கும் பெண்கள் அவர்கள். கடை வாடகை கிடையாது. சரக்கு வாங்கி அடுக்கவும் வேண்டாம். ஆர்டர் வந்த பிறகு பணம் கட்டினால், தயாரிப்பாளரே வாடிக்கையாளர் முகவரிக்குக் கூரியர் போட்டுவிடுவார்.

வாசல் இத்தனை அகலமாகத் திறந்திருப்பதால் கூட்டமும் அதிகம். அதனால்தான் ரீல்ஸுக்கு லைக் விழுந்தும், ஃபாலோயர் கூடியும், ஆர்டர் மட்டும் வராமல் பலர் தவிக்கிறார்கள். குறை பெரும்பாலும் வீடியோவில் இல்லை. ஃபாலோயர் பட்டியல் கடைக்காரர் கையில் இல்லாததுதான் குறை.

நாம் போடும் பதிவு நம்மைப் பின்தொடரும் எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்பதைத் தளத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தது. இதனால் வியாபாரப் பக்கங்களின் இலவசப் பார்வை குறையும் என்பதையும் மறைக்கவில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அதை நம்பியிருந்தவர்கள் சேர்த்த ரசிகர் கூட்டம் அத்தோடு போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் முடங்கின. ஒரே நிறுவனத்தின் மூன்று வாசல்களில் மட்டும் கடை விரித்திருந்தவர்களுக்கு அன்று வாடிக்கையாளரைக் கூப்பிட வேறு வழி இல்லை.

ஆகவே ரீல்ஸையும் ஷார்ட்ஸையும் திருவிழாக் கூட்டத்தில் நோட்டீஸ் கொடுப்பதுபோல் கருதலாம். புது முகங்கள் அங்கே கிடைப்பார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, நம் நோட்டில் ஏற்றிக்கொள்வதுதான் அடுத்த வேலை. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018இல் வந்தது. தனிக் கட்டணம் இல்லாமலே அதில் கேட்டலாக் வைக்கலாம். ‘புதியவர்’, ‘பணம் வந்தது’, ‘பார்சல் போனது’ என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக எழுதி வைக்கலாம். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்க முடியும். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். இதைத் தடையாக நினைத்துச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது நல்ல வடிகட்டியாகத் தோன்றுகிறது. எண்ணைச் சேமிக்கும் அளவுக்கு நம்மை மதித்தவர் வாங்கும் வாய்ப்பு அதிகம். கேட்காதவர்களுக்கும் தினமும் முப்பது படம் அனுப்பினால் அவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் கொடுப்பார்கள். புகார் சேர்ந்தால் எண்ணே முடக்கப்படலாம். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் வசதியில் எண்ணைச் சேமிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சேனலில் சேர்ந்தவரின் எண் நமக்குத் தெரியாது. மறுபடியும் பட்டியல் நம் கையில் இல்லை.

உள்ளூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு ரீல்ஸைவிட முக்கியமானது கூகுள் மேப். டெய்லர் கடை, மெஸ், பேட்டரி கடை தேடுகிறவர் அப்போதே வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். கடையைப் பதிவுசெய்ய காசு வேண்டாம். தேடலுக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை என்ற மூன்றையும் பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்வதாகக் கூகுளே சொல்கிறது. திறக்கும் நேரம் சரியாக இருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை என்றால் அதையும் போட வேண்டும். மோசமான ரிவ்யூ வந்தால் சண்டைக்குப் போகாமல் நிதானமாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை இனி வரப்போகும் வாடிக்கையாளரும் படிப்பார்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கையைச் சுட்டுக்கொள்பவர்கள் இங்கேதான் அதிகம். பதிவின் கீழே இருக்கும் ‘பூஸ்ட்’ பட்டனைத் தட்டுவது சுலபம். எதை நோக்கமாகத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைச் செய்யக்கூடியவர்களையே தளம் தேடிக் கொடுக்கும். பார்வை கேட்டால் பார்ப்பவர்களைக் கொடுக்கும். லைக் கேட்டால் லைக் போடுபவர்களைக் கொடுக்கும். சேலை விற்பவருக்கு வேண்டியது வாட்ஸ்அப்பில் வந்து விசாரிப்பவர்கள். எனவே மெசேஜ் வரவழைக்கும் நோக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதன்பிறகு கணக்கு. 1,000 ரூபாய் செலவழித்ததில் 40 பேர் விசாரித்து, 5 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டருக்கு 200 ரூபாய் விளம்பரச் செலவு. விளம்பரத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டி தனி. சேலைக்கு லாபம் 150 ரூபாய்தான் என்றால் ஒவ்வொரு விற்பனையிலும் கைக்காசு போகிறது. ஆனால் அந்த ஐவரில் இரண்டு பேர் நம் பட்டியலில் இருந்துகொண்டு வருஷத்தில் மூன்று முறை விளம்பரமின்றி வாங்கினால் கணக்கு மாறிவிடும். விளம்பரச் செலவு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிகிறது. பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதையும் எழுதி வைத்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

விசாரித்த 40 பேரில் 35 பேர் ஏன் வாங்காமல் போனார்கள்? விலை தெரியாமல் வந்து, தெரிந்ததும் போனவர்கள் அவர்களில் கணிசம். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்ற பழக்கத்தை இன்றே கைவிடலாம் என்பேன். மறைத்த விலை சந்தேகத்தை வளர்க்கும். பதில் சொல்கிறவரின் நேரத்தையும் தின்னும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், வரி, கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையையும், திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனைகளையும் வாங்குபவருக்குத் தெரியக் காட்டச் சொல்கின்றன.

சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. அடுத்தவர் படத்தைத் திருடி, பாதி விலை போட்டு, பணம் வந்ததும் மறைந்துபோகும் போலிப் பக்கங்களிடம் ஏமாந்தவர்கள் உண்டு. அப்படி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விற்பவர் பக்கமும் பொய்யான ஜிபே ஸ்க்ரீன்ஷாட் வரும். வங்கிக் கணக்கைப் பார்க்காமல் பார்சல் கட்டக் கூடாது. நேர்மையான கடைக்காரர் தன் நேர்மையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டியிருக்கிறது. சேலையைப் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், உடல், முந்தானை, பார்டர், பிளவுஸ் என்று தனித்தனியே காட்டுவது. பவர்லூம் என்றால் பவர்லூம் என்றே சொல்வது. ‘அன்பாக்ஸிங் வீடியோ இருந்தால்தான் மாற்றித் தருவோம்’ என்று எல்லாப் பொறுப்பையும் வாங்குபவர் தலையில் கட்டுகிறார்கள். விற்பவரும் பேக்கிங் செய்வதை வீடியோ எடுத்து அனுப்பினால் பாதித் தகராறு எழாமலே போகும்.

பிரபலங்களை வைத்துப் பேச வைப்பதற்கும் சட்டம் வந்துவிட்டது. காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசுகிறவர் அதை வெளிப்படையாக, பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பெரிய முகத்துக்குப் பணம் கொட்டுவதைவிட, சேலை உடுத்தி அனுப்பிய வாடிக்கையாளரின் படத்தை, அனுமதி கேட்டுப் போடுவது சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகும்.

தீபாவளி நெருங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணைய விளம்பரத்துக்கு நிலையான விலை கிடையாது. ஒவ்வொரு இடமும் ஏலத்தில் போகிறது. ஐப்பசியில் பெரிய ஜவுளிக் கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் அதே ஏலத்தில் இறங்குவதால் போட்டி கடுமையாகி, அதே 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் விசாரிப்புகள் குறையலாம். சிறு வியாபாரி விளம்பரக் காசை ஆடியிலும் ஆவணியிலும் செலவழித்து எண்களைச் சேர்த்துக்கொண்டு, தீபாவளிச் சரக்கை முதலில் அந்தப் பட்டியலுக்குக் காட்டுவது நல்லது. கூரியர் நெரிசலில் பார்சல் தாமதமாகும் என்பதால், கடைசி ஆர்டர் தேதியையும் அதே செய்தியில் போட்டுவிட வேண்டும்.