வேங்கைவயல் வழக்கில் கைபேசிச் சான்றுகள்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கைபேசிகளிலிருந்து எடுத்த படங்கள், பேச்சுகள், டவர் விவரங்கள் ஆகியவற்றை அது பெரிதும் நம்பியிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவருமே பட்டியலினத்தவர். ஊர் மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் கட்சிகளும் இதை ஏற்காமல் சிபிஐ விசாரணை கேட்டனர். யார் செய்தது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். கைபேசிச் சான்று எவ்வளவு தாங்கும் என்பதை நாம் தெரிந்துகொள்ளலாம்.

டவர் விவரம் கேட்கப் பெரிதாகத் தோன்றும். கிராமப்புறத்தில் ஒரு டவரின் எல்லை பல கிலோமீட்டர் விரியும். ஊரே ஒரே டவரின் கீழ் இருக்கும்போது, ஒருவர் ஊரில் இருந்தார் என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. தொட்டி மேல் ஏறினாரா என்பது அதில் வராது.

அழித்த படம் கிடைக்குமா? சில சமயம். புதிய கைபேசிகளில் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் முழுக்க அழித்ததை மீட்பது கடினம். ஆனால் அதன் சிறுபடம், குப்பைத்தொட்டி, கூகுள் காப்பு, வாட்ஸ்அப்பில் பெற்றவரின் கைபேசி என எங்காவது ஒரு நகல் தங்கியிருக்கலாம்.

சான்றை எடுத்த விதம்தான் இதில் முக்கியம். கைபேசியைக் கைப்பற்றியதும் தொலைவிலிருந்து யாரும் அழிக்காதபடி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு நகலெடுத்து, அதன் 'ஹாஷ்' மதிப்பைக் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண்ணெழுத்து வரிசை மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுடன் இந்த மதிப்பைக் குறித்த சான்றிதழைக் கேட்கிறது.

வேங்கைவயல் தொடர்பான படங்களும் ஆடியோக்களும் சமூக ஊடகங்களில் பரவின. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, அது எடுக்கப்பட்ட நேரம், இடம் பற்றிய உட்குறிப்புகள் போய்விடும். பரவும் நகலை வைத்து யாரையும் குற்றவாளியாக்குவது அநியாயம்.

உங்கள் கைபேசியைப் போலீசார் கைப்பற்றினால், கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எழுதிய கைப்பற்றல் மகஜரின் நகலைக் கேளுங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்கச் சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு; அதையும் வலியுறுத்துங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் தெரியும். இன்றே வீட்டில் எழுதி வையுங்கள்.