திமிங்கிலத்தின் குரல்

மூன்றே வாத்தியங்களைக் கொண்டு கடலின் நெடுங்கதையைக் கூறிவிட முடியுமா? அமெரிக்க இசையாக்குநரான ஜோர்ஜ் கிரம் (1929–2022) அத்தகைய முயற்சியொன்றில் 1971ஆம் ஆண்டு ஈடுபட்டார். புல்லாங்குழல், செல்லோ, பியானோ ஆகியவற்றுக்கென அவர் இயற்றிய அவ்வாக்கத்தின் பெயர் ‘வொக்ஸ் பலேனே’. ‘திமிங்கிலத்தின் குரல்’ என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள்.

கூன்முதுகுத் திமிங்கிலங்களின் ஒலி பதிந்த நாடாவொன்றைக் கிரம் 1969இல் கேட்டார். அவ்விலங்குகள் எழுப்புவது வெறுங்கூச்சலன்று. ஒழுங்குமுறைப்படி மீண்டும் மீண்டும் வரும் நீண்ட பாட்டு என்பதை ரொஜர் பெய்ன், ஸ்கொட் மக்வே என்னும் ஆய்வாளர் இருவர் 1971இல் எடுத்துக்காட்டினர். ஆனால், அப்பாட்டுக்குச் செவிசாய்க்கும் முன்னரே மனிதன் அவற்றைப் பெருமளவில் அழித்திருந்தான். இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மாத்திரம் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன.

கிரம் தமது ஆக்கத்தில் அவ்வொலிநாடாவைப் பயன்படுத்தவில்லை. எல்லா ஒலிகளும் மூன்று கலைஞரிடமிருந்தே பிறக்கின்றன. குழலிசைப்பவர் ஊதிக்கொண்டே பாடுகிறார். மூச்சும் குரலும் ஒன்றாகி, மனிதனுடையதோ விலங்கினுடையதோ என்று பிரித்தறிய இயலாத நாதம் எழுகின்றது. செல்லோவின் நான்கு தந்திகளுள் மூன்று, வழமையான சுருதியினின்றும் மாற்றிக் கட்டப்படுகின்றன. அதன் தந்திமீது விரல்கள் மெல்லத் தொட்டு வழுக்கி இறங்குகையில் கடற்காகத்தின் கூவல் கேட்கின்றது. பியானோவின் உட்புறத் தந்திகள்மீது உளியும் கண்ணாடிக் கோலும் இடம்பெறுகின்றன. மூன்று வாத்தியங்களின் ஒலியும் மின்கருவியாற் பெருக்கப்படுகின்றது.

காலத்தின் தொடக்கத்துக்கான குரலிசை முதலில் வருகின்றது. அடுத்து, கடலைக் குறிக்கும் கருப்பொருளும், அதனை வேறுபடுத்தும் ஐந்து பகுதிகளும் தொடர்கின்றன. அவ்வைந்தும் புவியியலார் வகுத்த ஊழிகளின் பெயர்களைத் தாங்கியவை. இறுதி ஊழியில் மனிதன் தோன்றுகின்றான். அவனது வருகையைக் குறிக்க, ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் 1896இல் இயற்றிய ‘சரதுஷ்டிரன்’ இசையின் கம்பீரமான தொடக்கம் நினைவூட்டப்படுகின்றது. அதே தொடக்கம் முதற்பகுதியிற் கேலித் தொனியில் வந்து சென்றது என்பதை அறிந்தோர்க்கு, மனிதனின் பெருமிதம் சற்றே ஐயத்துக்குரியதாகிவிடும்.

கலைஞர் மூவரும் கறுப்பு அரைமுகமூடி அணிந்திருத்தல் வேண்டும் என்பது கிரமின் விதி. அரங்கில் ஆழ்ந்த நீல ஒளி பரவலாம் எனவும் அவர் குறித்துள்ளார். இது வெறும் அலங்காரமன்று. மனித முகம் மறைந்தால், இயற்கையின் ஆளற்ற பேராற்றல் முன்னிற்கும் என்பதே அவரது கருத்து.

காலத்தின் முடிவுக்கான கடல் இரவிசையுடன் ஆக்கம் நிறைவெய்துகின்றது. ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்கின்றது. கடைசி முறை கைகள் மட்டும் அசைகின்றன, ஒலி எழுவதில்லை. அம்மௌனத்தைக் கேட்போன், திமிங்கிலங்கள் பாடாத கடல் எவ்வாறிருக்கும் என எண்ணாதிருத்தல் அரிது.