லினக்ஸில் நினைவக அட்டைச் செருகுவாய்: இயக்கியும் கோப்பு முறைமையும்

மடிக்கணினியின் செருகுவாயில் இட்ட நினைவக அட்டை லினக்ஸில் திறவாதபோது, பழி செருகுவாயின் இயக்கி மென்பொருள்மீதே சுமத்தப்படுகிறது. இஃது எப்போதும் பொருந்தாது. யுஎஸ்பி வழி இணைந்த செருகுவாய்களுக்குப் பொது இயக்கியே பெரும்பாலும் போதும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி இணைந்த ரியல்டெக் சில்லுகளுக்கோ கர்னலில் தனி இயக்கி வேண்டும். அஃது இல்லையேல் அட்டை சேமிப்பகப் பட்டியலிலேயே தோன்றாது. கொள்ளளவுடன் தோன்றியும் திறவாவிடின், ஐயுற வேண்டியது கோப்பு முறைமையையே. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைகளுக்குரிய எக்ஸ்ஃபேட் முறைமையின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. சாம்சங் வழங்கிய நிரல் 2020இல் கர்னலின் 5.7ஆம் பதிப்பில் இடம்பெற்றது. பழைய கர்னல்களில் இதற்கெனத் தனி மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். அதனை அறியாது, அட்டை பழுதெனக் கொண்டு மறுவடிவமைப்போர் அதிலுள்ள சுவடிப் படங்களை இழக்க நேரும்.