விடியலில் வடித்த சோறு, பன்னிரண்டு மணிப் பிள்ளை

எல்கடுவை, றத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் இருட்டோடு அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பெரட்டுக்குப் போக வேண்டிய தாய் சோறும் பருப்பும் ஆக்கி, ஒரு பங்கைப் பெட்டியில் கட்டி, இரண்டு வயதுப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறார். மாத்தளை நகரில் கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் தாய்மாரும் இதே அவசரத்தோடுதான் பகல் பராமரிப்பு நிலையத்தின் வாசலில் நிற்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு வடித்த சோற்றைப் பிள்ளை பகல் பன்னிரண்டுக்குச் சாப்பிடுகிறது. இடையில் ஏழு மணித்தியாலம்.

உணவு விதி என்றதும் சொக்லட் கொண்டுவரக் கூடாது, பெட்டியில் பெயர் எழுத வேண்டும் என்பவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் தேவைதான். ஆனால் முதல் விதி கடிகாரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்த விதியைக் காக்கும் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் கட்டவும் கூடாது.

சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடையிலான சூட்டில் கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. அரிசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. மூடிய பெட்டிக்குள் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே பகலில் ஒருதரம் சூடுகாட்டிக் கொடுத்தால் போதும் என்று நம்பியிருக்க முடியாது. தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் சீக்கிரம் கெட்டுப்போகும். தம்புள்ளை, கலேவெல போன்ற வெக்கையான பகுதிகளில் இன்னும் சீக்கிரம்.

வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று வாங்க முடிந்தால் நல்லது. கொதிதண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றை நிரப்பி இறுக மூட வேண்டும். பகலில் திறக்கும்போது சோறு கை சுடும் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும்; வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பிளாஸ்க் பயன்படாது. அதற்கு வசதி இல்லாத வீட்டில் சம்பல் வைக்காத ரொட்டி, தோல் உரிக்காத வாழைப்பழம் என்று எளிதில் கெடாதவற்றைக் கட்டலாம். ஆனால் நாள்தோறும் ரொட்டியும் பழமும் பிள்ளைக்குப் போதாது. என்னைக் கேட்டால், சரியான வழி நிலையத்திலேயே பகலுக்கு ஒரு சட்டி சமைப்பதுதான். பெற்றோர் முறைவைத்து அரிசி, பருப்பு, நெத்தலி, முட்டை, கீரை கொடுக்கலாம். அடுப்பு, சுத்தமான தண்ணீர், கைகழுவ சவர்க்காரம் ஆகியவற்றை நிலையத்தை நடத்துபவர்கள் கொடுக்க வேண்டும். கம்பனித் தோட்டங்களில் அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களுக்குத் துணைநிற்கிறது. இந்தக் கோரிக்கையை ஆயாவிடம் சொல்லிப் பயனில்லை. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் தோட்ட நிருவாகத்திடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சூப்பிப் போத்தலில் காலையிலேயே பால்மா கரைத்து அனுப்புவது சோற்றைவிட ஆபத்தானது. கரைத்த பால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மாவைத் தனியாகவும் கொதித்த நீரைப் பிளாஸ்க்கில் தனியாகவும் அனுப்பி, கொடுக்கும் நேரத்தில் கரைக்கச் சொல்லுங்கள். சூப்பியைவிடக் கோப்பை கழுவ எளிது.

இங்கே பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் தாய்க்கு ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும். வேலைகொடுப்பவர் பிள்ளைக் காம்பரா வைத்திருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் குறைந்தது அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தோடு இதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க முடியாது. கொழுந்து நிறை குறையும் என்று கங்காணி முகம் சுளித்தாலும் இது சட்டம் தந்த நேரம். மறுத்தால் தொழிற்சங்கத் தலைவரிடமும் மாத்தளைத் தொழில் அலுவலகத்திலும் முறையிடலாம். தாய்ப்பாலுக்குப் பெட்டியும் வேண்டாம், சூடும் வேண்டாம். இந்த இரண்டு இடைவேளையும் ஒழுங்காகக் கிடைத்தால் சூப்பிப் போத்தலின் தேவையே குறையும்.

அடுத்தது பிளேன்டீ. ரொட்டியோடு சாயம் கொடுத்துப் பிள்ளையைப் பசியாற்றுவது நம் மலையில் பழைய வழக்கம். தேயிலையிலுள்ள தனின் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சீனி போட்ட தேநீர் பசியையும் அடக்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32. இதற்குத் தேநீர் மட்டும் காரணமில்லை. சம்பளம், வீடு, தண்ணீர், தாயின் உடல்நிலை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இருந்தாலும் நிலையத்தின் விதித்தாளில் 'பிள்ளைக்குத் தேநீர் இல்லை' என்று ஒரு வரி எழுத யாருடைய காசும் செலவாகாது. தேநீருக்குப் பதிலாகக் கொதித்தாறிய தண்ணீர் கொடுக்கலாம். கிளினிக்கில் சோளம் சேர்ந்த திரிபோஷா சத்துமா கிடைத்தால் அதை வீட்டில் பெரியவர்கள் பங்குபோடாமல் பிள்ளைக்கே கொடுங்கள். பொதி ஈரம்பட்டிருந்தாலோ பூசணம் பிடித்திருந்தாலோ வேண்டாம். பூசணம் பிடித்த சோளத்திலும் கச்சானிலும் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். சமைத்தாலும் அது முழுவதுமாகப் போகாது.

தொண்டையில் அடைப்பது பற்றிப் பேசாமல் எந்த உணவு விதியும் முழுமையாகாது. முழுக் கச்சான், சோளப்பொரி, கெட்டி இனிப்பு, வட்டமாக வெட்டிய சொசேஜ், சிறு கோப்பை ஜெலி ஆகியவை சின்னப் பிள்ளைகளின் பெட்டிக்கு ஆகாதவை. மாத்தளைக்காரர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ரம்புட்டான். பருவம் வந்தால் மரத்தடியிலும் சாலையோரத்திலும் குவிந்துவிடும் அந்தப் பழத்தின் வழுக்கும் சதையும் கொட்டையும் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கப் போதும். கொட்டையை எடுத்து, சதையைச் சின்னதாகப் பிய்த்துத்தான் கொடுக்க வேண்டும். பலாக்கொட்டையை அவித்து மசித்துக் கொடுங்கள். பிள்ளை ஓடும்போதோ சிரிக்கும்போதோ அழும்போதோ வாயில் ஊட்டக் கூடாது. உட்கார வைத்து, ஒரு பெரியவர் பக்கத்திலிருந்து ஊட்ட வேண்டும். அடைத்துவிட்டால், பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்வரை இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் போனால் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. அதிலும் வராவிட்டால் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து அழுத்து. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வயிற்றை அழுத்தாமல் நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாததைத் தேடித் தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். இந்த முதலுதவியை ஆயாமார் செய்து பழகியிருக்கிறார்களா என்று கேட்பது அவர்களைக் குறைசொல்வதாகாது.

முட்டை, பசுப்பால், கச்சான், இறால், மீன் என எதற்காவது பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் வைத்தியரைக் கொண்டு எழுதுவித்து, அதன் பிரதியை நிலையத்தில் கொடுங்கள். பிள்ளைகள் ஒருவர் பெட்டியிலிருந்து மற்றவர் எடுத்துத் தின்னும் வயது இது. உதடு வீங்கி மூச்சுத் திணறினால் வீட்டுக்குத் தகவல் சொல்லும் முன்பே 1990.

பல பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் என்ன செய்வது? முதலில் ஜீவனி என்ற வாய்வழி நீரேற்று உப்புப் பொடி. ஒரு பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, 24 மணித்தியாலத்துக்குள் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மிச்ச உணவைக் கொட்டாமல் மூடிக் குளிரில் வைத்து, சாப்பிட்ட நேரத்தை எழுதிக்கொண்டு, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். உணவு நஞ்சாதல் இலங்கையில் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். காசு வாங்கிக்கொண்டு நிலையமே உணவு கொடுத்திருந்தால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பி.எச்.ஐ. சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், வழக்கும் தொடரலாம். காலாவதியான பால்மா, பிஸ்கட் விற்ற கடையைப் பற்றி நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்குச் சொல்லலாம். பிள்ளையைப் பட்டினி போட்டாலோ, வற்புறுத்தித் திணித்தாலோ, அடித்து ஊட்டினாலோ அது வேறு குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இருக்கிறது. கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது.

பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே நிலையத்தாரிடம் இவற்றைக் கேளுங்கள்: பகல் சாப்பாடு எத்தனை மணிக்கு, பெட்டிகளை எங்கே வைக்கிறீர்கள், சமைக்க அடுப்பு உண்டா, குடிநீர் கொதித்ததா, ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள், பிள்ளை சாப்பிடாத நாளில் எனக்கு யார் சொல்வார்கள். பதில்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் லயத்துத் தாய்மார் நாலு பேர் சேர்ந்து போங்கள்.