மூடிவைத்த குழிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுக்குப் பின்னால் இரண்டு குழி தோண்டினால் நாறாதா? நிறைந்தால் யார் அள்ளுவது? இரட்டைக் குழிக் கழிப்பறை என்றதும் எழும் முதல் கேள்விகள் இவைதான். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளியில், மத்திய அரசின் அன்றைய துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் இப்படியொரு குழிக்குள் தானே இறங்கி அள்ளிக் காட்டினார். வந்தது மலமல்ல, எரு.

பீகாரில் 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் இம்முறையைப் பரப்பினார். வரலாறு இவ்வளவு போதும். குழிக்குள் நடப்பதுதான் அற்புதம்.

குழியின் அடித்தளம் பூசப்படுவதில்லை. சுற்றுச்சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குகிறார்கள், அல்லது துளையிட்ட சிமென்ட் உறை இறக்குகிறார்கள். நீர் அந்தத் துளைகள் வழியே மண்ணில் கசிந்துவிடும். வாயுவையும் மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் புகைபோக்கிக் குழாய்கூடத் தேவையில்லை. முதல் குழி நிறையச் சில ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் அதை அடைத்து, இரண்டாவதைத் திறக்க வேண்டும். அடைத்த குழியை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு தொடக்கூடாது.

ஏன் அவ்வளவு காலம்? உடம்பின் சூடும் உணவும் இல்லாமல், மண்ணின் நுண்ணுயிர்களோடு போட்டிபோட முடியாமல், நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் மடிந்துவிடும். கடைசிவரை மல்லுக்கட்டுபவை உருண்டைப்புழுவின் முட்டைகள். பல அடுக்கு ஓட்டுக்குள் அவை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். காத்திருப்பதெல்லாம் அவை சாவதற்காகத்தான்.

கோழியை அடைவைக்கும் பெண்கள் நாளைக் குறித்துக்கொள்வார்கள். நடுவில் புது முட்டை சேர்க்க மாட்டார்கள், சேர்த்தால் கணக்கு குழம்பிவிடும். குழிக்கும் அதே ஒழுங்குதான். அடைத்த தேதியைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். இடையில் ஒருமுறை புதுக்கழிவு விழுந்தாலும் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒரே வேறுபாடு, இங்கே எந்த முட்டையும் பொரியக்கூடாது.

குழியில் கொட்டச் சொல்லி விற்கப்படும் 'பயோ' தூள்களை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். வேலைக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் மண்ணிலும் மலத்திலுமே இருக்கின்றன. 'இத்தனை கழிப்பறை கட்டினோம்' என்ற எண்ணிக்கையும் பாதிக்கதைதான். இரண்டு குழிகளுக்கும் ஒரே நேரத்தில் கழிவு போகும்படி கட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிறையும். எதற்கும் ஓய்வு கிடைக்காது.

செப்டிக் டேங்கோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். அந்தத் தொட்டியில் தேங்கும் கசடு எருவாவதில்லை. அள்ளித்தான் ஆக வேண்டும். மனிதரை மலம் அள்ள வைப்பதையும், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும், ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கித் தொழிலாளர்கள் சாகிறார்கள். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய செய்தியே அல்ல.

எல்லா ஊருக்கும் இரட்டைக் குழி ஒத்துவராது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்களிலும், கிணற்றை ஒட்டியும் இதை அப்படியே கட்டக்கூடாது. மற்ற இடங்களில், கொத்தனார் கணக்கு முடிப்பதற்குள் வீட்டுக்காரர் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். குழாய் இரண்டாகப் பிரியும் சிறு தொட்டியின் மூடியைத் திறந்தால், ஒரு வாய் கட்டாயம் அடைபட்டிருக்க வேண்டும்.