ஓரெழுத்துப் பகை

பவணந்தி முனிவர் நன்னூலில் குறிப்பிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ‘ஈ’ என்பதும் ஒன்று. அது வினையாக நின்றால் ‘கொடு’ என்னும் பொருளைத் தரும்; பெயராக நின்றால் பறந்து திரியும் சிற்றுயிரைக் குறிக்கும். ஈகை என்னும் உயர்பண்பும் ஈ என்னும் பூச்சியும் ஒரே எழுத்தில் அடங்கியிருப்பது தமிழின் விந்தைகளுள் ஒன்று. ஆனால் அந்தப் பூச்சி நமக்கு ஈவது நோய் ஒன்றே. வாணிகம் நடவாத கடைக்காரரை ‘ஈ ஓட்டுகிறார்’ என்கிறோம். பொருள் உணராமல் பார்த்தெழுதுவதை ‘ஈயடிச்சான் காப்பி’ என்று நகையாடுகிறோம். நகைப்புக்குரியதாக நாம் கருதும் இவ்வுயிர், சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்கு நகைப்புக்குரியதன்று. கோழிப்பண்ணைகளை அடுத்துள்ள ஊர்களில் உணவுத் தட்டைத் திறந்து வைத்து உண்பதே அரிதாகிவிடும் நாட்களும் உண்டு.

முட்டை நகரின் மறுபக்கம்

1997 ஜனவரி முதல் நாளில் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், இன்று நாடறிந்த முட்டை நகராகும். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த உழவர் பெருமக்கள், மழையை மட்டும் நம்பியிராமல் கோழி வளர்ப்பை மேற்கொண்டு உயர்ந்த வரலாறு போற்றத்தக்கது. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் இடம்பெறும் முட்டையிலும் இம்மண்ணின் உழைப்பு கலந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு நாமக்கல்லில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும் இத்தொழிலுக்கு அறிவுத்துணையாக விளங்கி வருகிறது.

எனினும், முட்டை இருக்கும் இடத்தில் எச்சமும் இருக்கும். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடுகிறது. 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் ஒரு நாளில் சேர்வது ஏறக்குறைய 5 டன் ஆகும். உயர்த்தி அமைக்கப்பட்ட கூண்டுகளின் கீழ் இது பல மாதங்கள் குவிந்து கிடக்கிறது. மரவள்ளி, மஞ்சள், கரும்பு பயிரிடுவோருக்கு இது நல்ல எரு. ஈக்கு இதுவே தொட்டில்.

ஈயின் வாழ்க்கைக் கணக்கு

வீட்டு ஈயின் வாழ்வு முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த ஈ என நான்கு நிலைகளைக் கொண்டது. ஈரமும் வெப்பமும் ஒருங்கே அமைந்தால் முட்டை ஒரு நாளுக்குள் பொரிகிறது. புழு சில நாட்கள் எருவை உண்டு வளர்ந்து, பின்னர் உலர்ந்த இடம் தேடிச் சென்று கூட்டுப்புழுவாகிறது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை ஈயாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதுமானவை. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் பல தடவையாக ஏறத்தாழ 500 முட்டைகளிட வல்லது. அவற்றுள் பாதி பெண்ணாகி, அவை ஒவ்வொன்றும் அவ்வாறே முட்டையிட்டால், இரண்டாம் தலைமுறையிலேயே தொகை 1,25,000 ஆகிவிடும். இயற்கை இவற்றுள் பெரும்பகுதியை அழித்துவிடுவதால்தான் உலகம் ஈமயமாகாமல் இருக்கிறது.

ஈக்குப் பற்கள் இல்லை. திடப்பொருளின்மீது உமிழ்நீரைக் கக்கிக் கரைத்து, பஞ்சு போன்ற வாயுறுப்பால் உறிஞ்சிக் குடிக்கிறது. சற்றுமுன் மலத்தின்மீது அமர்ந்த அதே கால்களால் நம் சோற்றின்மீதும் அமர்கிறது. வயிற்றுப்போக்கு, சீதபேதி, குடற்காய்ச்சல் முதலிய நோய்களின் கிருமிகள் இவ்வாறு பரவ வாய்ப்புண்டு. கைக்குழந்தைகளே இதனால் முதலில் துன்புறுவர் என்பதை எண்ணும்போது, இதனை வெறும் தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது.

மருந்து மட்டும் போதுமா?

ஈ என்றதும் மருந்துக் கடையை நாடுவது நம் வழக்கம். டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பால் முல்லர், 1948இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அப்பரிசு வழங்கப்படுவதற்கு முன்னரே, 1946இல் சுவீடன் நாட்டில், அம்மருந்துக்கு அடங்காத வீட்டு ஈக்கள் காணப்பட்டன. மருந்துக்குத் தப்பிய சில ஈக்களின் வழித்தோன்றல்களே பின்னர் பெருகின. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும் ஒவ்வொரு பண்ணையிலும் இவ்வரலாறு மீண்டும் நிகழக்கூடும்.

மனிதருக்கு நேரும் தீங்கும் எண்ணத்தக்கது. ஈக்கொல்லியாக நெடுங்காலம் பயன்பட்ட டைகுளோர்வாஸ் என்னும் நஞ்சினை மைய அரசு 2018ஆம் ஆண்டு ஆணையின்வழி 2020 இறுதியோடு முற்றிலும் விலக்கியது. அத்தகைய நஞ்சுகளைச் சமையலறையில் தெளித்துவிட்டு அங்கேயே உணவு சமைப்பது, ஈயினால் வரும் தீங்கைவிடப் பெருந்தீங்கை விலைகொடுத்து வாங்குவதாகும். பழைய புட்டிகள் எஞ்சியிருப்பின் பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு விலக்குதல் இன்றியமையாதது.

ஈரமே வேர்

அவ்வாறாயின் வழி யாது? ஈயின் வலிமை அதன் சிறகில் இல்லை. எருவின் ஈரத்தில் இருக்கிறது. புதிய கோழி எச்சத்தில் முக்கால் பங்கு நீரே. அது உலர்ந்து, ஈரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறையுமானால், அதில் புழு வாழ்வது அரிது. ஆதலால் ஒழுகும் குடிநீர்க் குழாயைச் சீர்செய்தல், கூண்டுகளின் கீழ்க் காற்றோட்டம் அமைத்தல், மழைச்சாரல் படாமல் காத்தல், நனைந்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் இடுதல் ஆகிய எளிய பணிகளே தலையாய மருத்துவம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எரு நனைந்துவிடாமல் காப்பது மேலும் கருதத்தக்கது.

எருவை அகற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒன்று, ஈயின் வளர்ச்சி நிறைவுறும் முன்பே வாரந்தோறும் அகற்ற வேண்டும். அல்லது நன்றாக உலரவிட்டு நெடுநாள் வைத்திருக்க வேண்டும். பாதி ஈரமாய், பாதி அள்ளியும் அள்ளாமலும் விடுவதே பெருங்கேடு. உலர்ந்த எருவில் ஈயின் முட்டைகளையும் புழுக்களையும் உண்ணும் சிறு உண்ணிகளும் வண்டுகளும் வாழ்கின்றன. கூட்டுப்புழுவில் தம் முட்டையை இட்டு அதனை அழிக்கும் சிறு குளவிகளும் உள்ளன. ஆகவே எருவை அள்ளும்போது அடியில் உலர்ந்த படலம் ஒன்றை விட்டுவைப்பது, ஊதியம் கேளாத இக்காவலர்களைப் பணியில் வைத்திருப்பதற்கு ஒப்பாகும். வயலுக்குக் கொண்டு சென்ற எருவைத் திறந்த குவியலாக விடாமல் தாளிட்டு மூடினால், உள்ளே எழும் வெப்பமே புழுக்களைக் கொன்றுவிடும்.

இல்லத்தில் செய்யத்தக்கன

பண்ணையாளர் தம் கடமையைச் செய்தாலும், இல்லத்தார் வாளாவிருத்தல் முறையன்று. சேலத்து மாம்பழக் காலத்தில் தெருவோரம் எறியப்படும் தோலும் கொட்டையும், திருமண விருந்துக்குப்பின் குவியும் எச்சில் இலைகளும், இறைச்சிக் கழிவுகளும் ஈக்கு விருந்தாகின்றன. குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி இடுதலும், சமையற்கழிவை அன்றன்றே அப்புறப்படுத்துதலும், சன்னலுக்குக் கம்பிவலை அடித்தலும், உணவை வலைமூடியால் காத்தலும் நஞ்சில்லா வழிகள். தியாகத் திருநாளில் குர்பானிக் கழிவுகளை ஆழக் குழி தோண்டிப் புதைப்பதையும், நோன்புக் காலத்தில் கஞ்சி வழங்குமிடத்தைத் துப்புரவாக வைத்திருப்பதையும் ஜமாஅத்துகள் தம் பொறுப்பாக ஏற்றுச் செய்தல் நலம்.

அண்டை அயலார் கடமை

ஈ எல்லை அறியாது. ஓரிரு கிலோமீட்டர் பறந்து செல்வது அதற்கு எளிது. அதனால்தான் பண்ணைக்கும் குடியிருப்புக்கும் இடையே 500 மீட்டர் இடைவெளி வேண்டுமென மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆனால் பண்ணை முதலில் வந்து, பின்னர் வீடுகள் நெருங்கிய ஊர்களும் உண்டு. அங்கே பண்ணையை மூடுக என்பாரும், சகித்துக்கொள்க என்பாரும் எதிரெதிரே நிற்கின்றனர். பண்ணை மூடினால் அங்கே கூலி வேலை செய்யும் ஏழைப் பெண்களின் அடுப்பு அணையும். சகித்துக்கொண்டால் அதே பெண்களின் பிள்ளைகள் நோயுறும். எருவை உலர வைக்கும் செலவு இவ்விரு இழப்புகளையும்விடச் சிறியது என்பதை இருசாராரும் அமர்ந்து எண்ணுதல் வேண்டும்.

தூய்மையை ஈமானின் ஒரு பாதியாகப் போற்றிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரலாகாது என்பதையும் வலியுறுத்தினார்கள். இவ்விரு அறிவுரைகளும் சந்திக்கும் இடமாக ஈயின் சிக்கல் அமைந்துள்ளது. நம் வாசலைத் தூய்மையாக வைத்திருப்பது நமக்காக மட்டுமன்று. அடுத்த வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்காகவும் ஆகும். இவ்வூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவச் செல்வங்கள், தாம் கற்ற இச்சிறு உண்மையைத் தத்தம் தெருவில் எடுத்துச் சொல்வார்களாயின், ‘ஈ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லின் முதற்பொருளான கொடை நம் இல்லங்களில் நிலைபெறும்.