மருந்தோடு மருந்து மோதினால்

கடன் விண்ணப்பம் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது, "ஏற்கெனவே வேறு கடன்கள் உள்ளனவா?" என்பதுதான். இருபது ஆண்டுகளாக இக்கேள்வியைப் பிறரிடம் கேட்டுவரும் நான், மாரெட்பள்ளியில் உள்ள எனது வீட்டில் ஒருமுறை கேட்கத் தவறினேன்.

என் மாமனாருக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அன்றுமுதல் இரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு வருகிறார். சென்ற கோடையில் அவருக்கு இரண்டு நாள் பேதி. "பேதிதானே மாப்பிள்ளை, இதற்குப் போய் டாக்டர் எதற்கு?" என்றார். முன்பு வேறொருவருக்கு வாங்கி மீந்திருந்த மெட்ரோனிடசோல் மாத்திரைகள் வீட்டிலேயே இருந்தன. எடுத்துக் கொடுத்தவன் நானே. பேதி நின்றது. ஐந்தாம் நாள் பல் துலக்கும்போது ஈறுகளிலிருந்து இரத்தம் கசிந்தது. மாலைக்குள் முழங்கையில் கருநீலத் திட்டுகள் தோன்றின. மருத்துவமனையில் உறைதல் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்தார்கள். மூன்றை ஒட்டியிருக்க வேண்டிய அளவு ஏழைத் தாண்டியிருந்தது. நல்லவேளையாக மூளையிலோ குடலிலோ இரத்தக்கசிவு ஏற்படவில்லை. வைட்டமின் கே கொடுத்து, மூன்று நாள்கள் உள்நோயாளியாக வைத்திருந்து அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் பணியைக் கல்லீரலில் உள்ள நொதியொன்று செய்கிறது. மெட்ரோனிடசோல் அந்நொதியை முடக்கிவிடுகிறது. நாள்தோறும் வரவு வைக்கப்படும் கணக்கில் எடுப்பு மட்டும் நிறுத்தப்பட்டால் இருப்பு என்னவாகுமோ, அதுவே இரத்தத்திலிருந்த வார்ஃபரினுக்கும் நேர்ந்தது. பேதியால் உணவு குறைந்ததும் உடன் சேர்ந்துகொண்டது. சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் கோ-ட்ரைமாக்சசோலும் இவ்வாறே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ நேரெதிராக அந்நொதிகளைத் தூண்டி, வார்ஃபரினின் பயனையும் கருத்தடை மாத்திரையின் பயனையும் குறைத்துவிடும்.

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, அதாவது நாம் ஆன்டிபயாடிக் என்று அழைப்பது, பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு நாள் விருந்தாளி. அதனால்தான் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எங்கள் கிளைக்கு வரும் ஓய்வூதியர்களில் பலர் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கு நிரந்தரமாக மாத்திரை உண்பவர்கள். ஆபத்து, அந்த நிரந்தரக் குடிகளோடு விருந்தாளி மோதும்போதுதான். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கிளிமிபிரைடு உண்ணும் நீரிழிவுக்காரர் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது லெவோஃப்ளாக்சசின் எடுத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளோடு கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். முதுகுவலிக்கு டிசானிடின் எடுப்பவர் சிப்ரோஃப்ளாக்சசினைத் தொடவே கூடாது. இவற்றைக் கண்டு அஞ்சி நிரந்தர மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பது மருத்துவரின் முடிவு. மாற்று மருந்து அனேகமாக எப்போதும் உண்டு.

உணவும் இதில் ஒரு தரப்பு. மாத்திரையைப் பாலுடன் விழுங்கினால் வயிறு புண்ணாகாது என்பது நம் வீடுகளில் ஊறிய எண்ணம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்றவை பாலில் உள்ள கால்சியத்தோடு பிணைவதால், அவற்றில் ஒரு பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலூசில் வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சிப்ரோஃப்ளாக்சசினை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் பின்னதாகவோ எடுக்க வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று மேலும் வீரியமானதைத் தேடுவோரில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது தண்ணீர் மட்டுமே. டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமலிருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும்.

இங்கே தெலுங்கில் 'மந்து' என்றால் மருந்து. பேச்சு வழக்கில் மதுவும் அதுவே. மெட்ரோனிடசோல், டினிடசோல் விஷயத்தில் இரண்டு மந்துகளும் சந்திக்கவே கூடாது. கடும் வாந்தி, முகச்சிவப்பு, படபடப்பு ஏற்படலாம் என்பதால், மருந்து முடிந்து மூன்று நாள் வரை மதுவைத் தவிர்க்கும்படி எச்சரிக்கப்படுகிறது. ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகளும் இதில் அடங்கும்.

ஒவ்வாமை தனிக் கதை. பெனிசிலின் வகையால் முன்பு உடல் தடித்ததா, மூச்சுத் திணறியதா, வெறும் வயிற்றுப்போக்குதானா என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் மருத்துவரின் தேர்வையே மாற்றும். மருந்து உண்டபின் முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது அவசர சிகிச்சைக்குரியது. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பக்க விளைவுகளைத் தெரிவிக்க இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024 உள்ளது. நோயாளியே அழைக்கலாம்.

மருந்து அட்டையின் பின்புறம் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாதது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை இன்னும் கடுமையானது. அதில் அடங்கிய வீரிய மருந்துகளை விற்கும் கடைக்காரர், நோயாளி, மருத்துவர் பெயர்களையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். பதிவேடுகளோடு வாழும் எங்களுக்கு இவ்விதி உவப்பானதே.

இந்நகரத்தாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்து ஆலைகள் நிறைந்த பட்டான்செருவில் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நிலையமொன்றின் நீரை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர்கள், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். மருந்துண்ணும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். அத்தகைய நீரில் பிழைக்கும் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகவே இருக்கும். மீந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள். அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் வினையானது அந்த எடுத்து வைத்தல்தான்.

இப்போது மாமனாரின் பாஸ்புக் உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. நிரந்தர மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, கடைசி ஐ.என்.ஆர். அளவு எல்லாம் அதில் உள்ளன. நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வந்தவர் கவுன்டரில் பாஸ்புக்கோடு அதையும் சேர்த்து நீட்டிவிட்டார். வாங்கிப் பார்த்த என் சக அலுவலர், தம் தாயாருக்கென்று அந்தத் தாளின் அமைப்பைப் பார்த்து எழுதிக்கொண்டார்.